வெண்ணிலாவின் அங்க அடையாளங்கள்

ஸ்டெல்லா தன் முகத்துக்குப் பவுடர் போட்டு யாரும் பார்த்ததில்லை. போட்டால் தும்மல் வரும். ஊரார் முகத்துக்குப் போடும்போது மட்டும் வராது. அது எப்படி என்று அவள் மூக்கைத்தான் கேட்க வேண்டும்.

வில்லியனூர்க் கடைத்தெருவில், மருந்துக்கடை மாடியில் அவளுடைய பியூட்டி பார்லர். ஏறுகிற படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும். மூச்சு வாங்க ஏறுகிற பெண்கள், இறங்கும்போது தலைப்பை விரலால் பிடித்துக்கொண்டு மகாராணி நடை நடப்பார்கள். நடுவில் என்ன நடக்கிறதோ அதுதான் ஸ்டெல்லாவின் பிழைப்பு.

அம்மா நாற்று நட்டவள், அப்பா கரும்பு வெட்டியவர். பத்தாம் வகுப்பில் கணக்கு காலை வாரிவிட்டது. மகளிர் குழு நடத்திய இலவசப் பயிற்சியில் தையலுக்குப் பெயர் கொடுக்கப் போனாள். தையலில் இடம் தீர்ந்துவிட்டது, அழகுக்கலையில் ஒரு நாற்காலி காலி என்றார்கள். உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தவளைத்தான் இன்றைக்குப் பாகூர்ப் பக்கத்திலிருந்துகூட முகூர்த்தத்துக்கு வண்டி வைத்து அழைத்துப்போகிறார்கள். புருஷன் சேவியர் அரியாங்குப்பத்தில் ஒரு பட்டறையில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறான். "ஒரே வூட்ல ரெண்டு பெயின்டர்" என்று தெரு சிரிக்கும். சேவியரும் சளைத்தவனில்லை. "நான் அடிச்சா வருஷக்கணக்குல நிக்கும். இவ அடிச்சா தாலி கட்ற வரைக்கும்தான்" என்பான். ஸ்டெல்லா கையில் இருப்பதை எடுத்து வீசுவாள். பெரும்பாலும் பஞ்சாக இருக்கும் என்பதால் சேதமில்லை.

இப்படிப்பட்டவள் வாயடைத்துப்போனது ஈஸ்டருக்கு முந்தின அந்தத் தவக்காலத்தில்தான்.

அவர்கள் தெருவில் கிறிஸ்தவ வீடுகள் சேர்ந்து ஓர் அன்பியம். வாரம் ஒரு வீட்டில் சாயங்காலம் கூடுவார்கள். செபம், பாட்டு, வாசகம், மன்றாட்டு, கடைசியில் சுண்டல். சுண்டலுக்காகவே வருகிறவர்களும் உண்டு, பெயரைச் சொன்னால் சண்டை வரும். புதிதாக வந்திருந்த ஃபாதர் பாக்யராஜ் இளவயசு, படித்த சூடு இன்னும் ஆறவில்லை. இந்தத் தவக்காலத்துக்கு வித்தியாசமாக ஏதாவது செய்வோம் என்று, ஆதித் திருச்சபையின் பெரியவர்கள் எழுதியவற்றிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்து, ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்துக் கொடுத்துவிட்டார். வாரம் ஒரு பக்கம். எந்த வீட்டு முறையோ அந்த வீட்டார்தான் வாசிக்க வேண்டும். தாண்டிப்போகக் கூடாது.

முதல் வாரம் நோன்பைப் பற்றி வந்தது. அது அன்பியத் தலைவர் பிரிட்டோவின் வீடு. அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாசிக்க வாசிக்க வாசனையும் கூடவே வந்தது. இரண்டாம் வாரம் வட்டி வாங்குகிறவர்களைப் பற்றி. முறை யாருடையது என்றால், சீட்டு நடத்துகிற தேவியுடையது. பாதி பக்கத்தில் மோட்டார் போட்டதை நிறுத்த மறந்துவிட்டேன் என்று எழுந்துபோனவள், சுண்டல் கொடுக்கும்போதுதான் திரும்பினாள்.

"ஆயிரத்து எழுநூறு வருஷம் முன்னாடி எழுதுனவங்கன்றாரு ஃபாதர்" என்றார் பிரிட்டோ. "எனக்கென்னவோ நம்ம தெருவுல வாடகைக்கு இருந்துட்டுப் போனவங்க மாதிரி தெரியுது."

மூன்றாம் வாரம் ஸ்டெல்லா வீடு. அவள் பக்கத்தைத் திருப்பினாள். முதல் வரியிலேயே புரிந்துவிட்டது. பெண்கள் முகத்துக்கு வண்ணம் பூசுவதைப் பற்றிய பக்கம்.

கோயிலில் வாசகம் வாசிக்கிற குரல் அவளுடையது, தப்பிக்க முடியாது. வாசித்தாள். கடலுக்கு அந்தப் பக்கம் எங்கோ பிஷப்பாக இருந்த ஓர் ஆயர், மையிடுகிற, கன்னத்தைச் சிவப்பாக்குகிற, முடிக்குச் சாயம் ஏற்றுகிற பெண்களை வரிசையாக நிற்கவைத்துத் திட்டியிருந்தார். கடவுள் செய்த முகத்தைத் திருத்துவது கடவுளுக்கே வேலை சொல்லிக்கொடுப்பது மாதிரி என்றார். ஒவ்வொரு வரிக்கும் சிரிப்பு. தேவிதான் அதிகம் சிரித்தாள், போன வாரக் கடன் இருந்ததே.

"கடையில இன்னா இன்னா இருக்குதோ ஒண்ணு விடாம எழுதிட்டாரேடி! கோடவுனுக்குள்ள பூந்து பாத்திருப்பாரோ?"

"உன் புருவத்துக்கும் சேத்துதான்க்கா எழுதிகிறாரு. போன வெள்ளிக்கெழம நூல்ல எடுத்தது யாரு?" என்றாள் ஸ்டெல்லா.

வீடே அதிர்ந்தது. சேவியர் பின்னாலிருந்து, "பெரியவரு என்னிய ஒண்ணும் சொல்லலியே? வண்டிக்கு அடிக்கலாம் இல்ல?" என்றான்.

சிரித்துக்கொண்டே கடைசி வரிகளையும் வாசித்தாள் ஸ்டெல்லா. உயிர்த்தெழும் நாளில் அப்படி வண்ணம் பூசிய முகத்தோடு போய் நின்றால், படைத்தவருக்கே அடையாளம் தெரியாது, இது நான் செய்தது இல்லையே என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று முடித்திருந்தார் அந்த ஆயர்.

மூலையில் உட்கார்ந்திருந்த காசம்மாள் சிரிக்கவில்லை.

"ஸ்டெல்லா, செத்தப்பறம் பூசனதும் கணக்குல வருமா?"

சுண்டல் கிண்ணத்தில் கரண்டி நின்றது.

காசம்மாளின் மகள் வெண்ணிலா போன ஐப்பசியில் மஞ்சள் காமாலையில் போனாள். கல்யாண வயசு. கல்யாணம் ஆகாத பெண் இறந்தால் மணப்பெண்ணாக அலங்கரித்துப் பெட்டியில் வைப்பது அந்தத் தெரு வழக்கம். பட்டுப்புடவை, தலையில் பூமுடி, கையில் செபமாலை. உடம்பு முழுக்க மஞ்சள் ஏறி, இமைக்குள் தெரிந்த வெள்ளையும் மஞ்சளாகிவிட்டிருந்தது. காசம்மாள் ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டாள். "அந்த மஞ்ச தெரியாத பண்ணிடு. ஊரே பாக்கும்."

ஸ்டெல்லா பெட்டி முழுவதையும் எடுத்துக்கொண்டு வந்தாள். முகூர்த்தத்துக்குக்கூட வெளியே எடுக்காத விலை உயர்ந்த சாமானையும் எடுத்தாள். குளிர்ந்த முகத்தில் எதுவும் பிடிக்கவில்லை. விரல் சூட்டில் குழைத்துக் குழைத்துத் தடவினாள். பழக்க தோஷத்தில், "கண்ண மூடிக்கடி, மை போடறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னது உறைத்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அப்புறம் மறுபடி வேலை. மஞ்சள் போயிற்று. புருவத்துத் தழும்பு போயிற்று, கன்னத்து மச்சம் போயிற்று. மணப்பெண்ணுக்கு என்னவெல்லாம் மறைப்பாளோ அதையெல்லாம் கை தானாக மறைத்தது.

கடைசியில் காசம்மாளை அழைத்துவந்து காட்டினார்கள். அவள் பார்த்துவிட்டு, அழுகையை நிறுத்தி, "இது எம் பொண்ணா? அடையாளமே தெரியலியே!" என்றாள்.

தொழில் தொடங்கிய நாளிலிருந்து ஸ்டெல்லா கேட்ட பாராட்டுகளில் பெரியது அது. அந்தத் துக்கத்திலும் உள்ளுக்குள் ஒரு மூலையில் நெஞ்சு நிமிர்ந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அதே வார்த்தையை ஓர் ஆயர் கடவுள் வாயில் வைத்து எழுதியிருக்கிறார்.

மறுநாள் காலை பார்லர் படிக்கட்டில் மூச்சு வாங்கும் சத்தம். காசம்மாள். நாற்காலியில் கல்பனா என்கிற கல்யாணப் பெண் முகத்தில் பூச்சோடு உட்கார்ந்திருந்தாள். காசம்மாள் அவளைப் பார்க்கவே இல்லை.

"நீ அவளுக்குப் போட்டியே, அது தண்ணி பட்டா போவுமா?"

அழுதாலும் வியர்த்தாலும் கரையாது என்று அன்றைக்கு எல்லோர் முன்னாலும் ஸ்டெல்லாவே சொல்லியிருந்தாள்.

"போவாதுக்கா. ஆனா மண்ணு இருக்குதே... மண்ணு எல்லாத்தயும் தின்னுடும்."

"மண்ணு தின்னா மொகத்தையும் சேத்துதான் தின்னிருக்கும்?"

கல்பனா பூச்சுக்குள்ளிருந்து கண்ணை மட்டும் உருட்டினாள். ஸ்டெல்லா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"அக்கா, அது யாரோ எந்தக் காலத்துலயோ எழுதினது. அந்த ஊரு பணக்காரப் பொம்பளைங்களப் பாத்து எரிச்சல்ல எழுதியிருப்பாரு. நம்மள இல்ல."

"நீதான வாசிச்ச?"

"எம் மொறன்னு வாசிச்சேன்."

"கோயில்ல பைபிள் வாசிக்கிறதும் உன் மொறதான். அதயும் அப்படித்தான் வாசிக்கிறியா?"

காசம்மாள் சண்டைக்கு வரவில்லை என்பதுதான் கொடுமை. திட்டியிருந்தால் ஸ்டெல்லாவும் நாலு திட்டித் தீர்த்துக்கொண்டிருப்பாள். காசம்மாளோ சந்தேகம் கேட்கத்தான் வந்திருந்தாள். கூலி வேலைக்குப் போகாமல், வெயிலில் நடந்து, சந்தேகம் கேட்க.

கல்பனாவின் பூச்சைக் கழுவி அனுப்பிவிட்டு, இருவருமாக ஃபாதரிடம் போனார்கள். ஃபாதர் பாக்யராஜ் நல்ல மனுஷன், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"அம்மா, அத அப்படியே எடுத்துக்கக் கூடாது. அந்தக் காலத்து ஆடம்பரத்தைக் கண்டிக்கிறதுக்கு அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்றார். உள்ளத்து அழகுதான் முக்கியம்ங்கிறதுதான் கருத்து."

"அப்ப அவரு சொன்னது பொய்யா ஃபாதர்?"

"பொய்னு சொல்ல முடியாது. பெரிய மகான். விசுவாசத்துக்காக உயிரையே கொடுத்தவர்."

"அப்ப உண்மைதானா?"

"உண்மைன்னு... அப்படி நேரடியா..." ஃபாதர் தண்ணீரைத் தானே எடுத்துக் குடித்தார். "கடவுளுக்கு எல்லாரையும் தெரியும்மா. உங்க பொண்ணு பேர்ல பூசை வைக்கிறேன். பேரைச் சொல்லி வேண்டிக்குவோம்."

"பேரச் சொன்னா பேரு தெரியும் ஃபாதர். மொகம்?"

ஃபாதரின் மேசைக்குப் பின்னால் தடித்தடியாகப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அவர் ஒருமுறை அவற்றைத் திரும்பிப் பார்த்தார். எதையும் எடுக்கவில்லை. அன்று மாலையே பிரிட்டோவுக்கும் மற்ற அன்பியத் தலைவர்களுக்கும் போன் போட்டு, அந்தப் பக்கத்தை விட்டுவிடச் சொன்னார்.

"சரிங்க ஃபாதர். ஆனா எங்க தெருவுல படிச்சாச்சே" என்றார் பிரிட்டோ. "படிச்சத எப்படித் திருப்பி எடுக்கிறது?"

ஸ்டெல்லா வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கையில் பழைய வேகம் இல்லை. ஒரு பெண்ணின் மோவாய்த் தழும்பில் பூசப்போன விரல் நின்றுவிட்டது. "இது இருக்கட்டுமேம்மா, நல்லாத்தான இருக்குது" என்றாள். பெண்ணின் அத்தை, "இத மறைக்கத்தான உன்னிய கூப்ட்டோம்?" என்று ஏறினாள். மறைத்தாள். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

சேவியருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தனக்குத் தெரிந்த வேதத்தை எடுத்து விட்டான்.

"இன்னாடி இது? வண்டிய நான் செவப்புலேர்ந்து கறுப்புக்கு மாத்துறேன். ஆர்டிஓ பெயின்ட்டயா பாக்குறான்? இரும்புல வெட்டியிருக்கிற சேசிஸ் நம்பரத் தேய்ச்சுப் பாக்குறான். கடவுளுக்கு நம்ம சேசிஸ் நம்பர் தெரியாதா?"

ஸ்டெல்லாவுக்கு அது பிடித்துப்போனது. ஃபாதர் படித்த படிப்பில் இல்லாதது பட்டறையில் கிடைத்துவிட்டதே என்று ஓடிப்போய்க் காசம்மாளிடம் சொன்னாள். காசம்மாள் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அது மனுசனுக்கு எங்க இருக்குது?"

ஸ்டெல்லாவுக்கு அந்த இடத்தைக் காட்டத் தெரியவில்லை. காசம்மாள்தான், "பள்ளிக்கூடத்துல அங்க அடையாளம்னு கேட்டு எழுதுவாங்களே, அதா?" என்றாள்.

"அதான்க்கா, அதேதான்" என்றாள் ஸ்டெல்லா, வந்தவரைக்கும் லாபம் என்று.

"அந்த அடையாளத்தத்தான நீ மூடிட்ட?"

தவக்காலத்தின் கடைசி வாரம் அன்பியம் காசம்மாள் வீட்டு முறை. சிமென்ட் தரையைக் கழுவி விட்டிருந்தாள். சுவரில் வெண்ணிலாவின் படம், மாலையோடு. எல்லோரும் வந்திருந்தார்கள், வழக்கமாக வராதவர்கள்கூட. பிரிட்டோ புத்தகத்தைப் பிரித்து நீட்டினார். காசம்மாள் வாங்கவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாது. மன்றாட்டு மட்டும் நான் சொல்றேன்."

அவள் முட்டி போட்டாள். மற்றவர்களும் போட்டார்கள். மன்றாட்டு என்றால் மழைக்காக, நோயாளிகளுக்காக, திருச்சபைக்காக என்று போகும். காசம்மாளுடையது வேறு மாதிரி இருந்தது. காணாமல் போன பிள்ளைக்காக ஸ்டேஷனில் எழுதிக்கொடுக்க வந்தவள் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"ஆண்டவரே, எம் பொண்ணு வெண்ணிலா உங்க கிட்ட வந்திருப்பா. பட்டுப்பொடவ கட்டியிருக்கும், அது அவளோடது இல்ல, வாங்கிக் கட்டனது. மொகம் வெள்ளையா இருக்கும், அது பூசனது. அவ என்ன மாதிரி கறுப்பு. சோத்துக்கை பக்கத்துப் புருவத்துல தழும்பு இருக்கும். சைக்கிள்லேர்ந்து விழுந்தது. ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள் எல்லோரும். தேவியின் குரல் பாதியில் உடைந்தது.

"கன்னத்துல மச்சம் இருக்கும் ஆண்டவரே. பீச்சாங்கை பக்கம்."

ஸ்டெல்லா தலை நிமிர்ந்தாள். அவள் விரலுக்கு ஞாபகம் இருந்தது. அந்த மச்சத்தின் மேல் இரண்டு தடவை பூச வேண்டியிருந்தது.

"அக்கா... சோத்துக்கை பக்கம் இல்ல?"

காசம்மாள் திரும்பினாள். "பீச்சாங்கை பக்கம்தான்."

"நான் பூசனேனே. சோத்துக்கை பக்கம்."

"நான் பெத்தேனே!"

காசம்மாளின் கை அவள் கன்னத்துக்கே போயிற்று. இடது கன்னத்தைத் தொட்டது, பிறகு வலது கன்னத்தை, பிறகு எதிரே யாரோ நிற்பது மாதிரி காற்றில் நீட்டிப் பார்த்தது. ஸ்டெல்லாவுக்கும் அப்போதுதான் பயம் வந்தது. தினமும் பெண்களுக்குப் பின்னால் நின்று கண்ணாடியில் பார்த்தே வேலை செய்கிறவள் அவள். கண்ணாடியில் வலது இடதாகும். வெண்ணிலாவை மட்டும் படுக்கவைத்து, தலைமாட்டிலிருந்து தலைகீழாகப் பார்த்துப் பூசினாள். எது எந்தப் பக்கம்?

"போட்டோ இருக்குதில்ல?" என்றார் பிரிட்டோ.

சுவர்ப் படத்தைப் பார்த்தார்கள். ஸ்டுடியோக்காரன் நல்லபடியாகச் செய்வதாக நினைத்து மச்சம், தழும்பு எல்லாவற்றையும் துடைத்து, நிறத்தையும் ஏற்றியிருந்தான். தேவி தன் போனைத் திறந்தாள். போன வருஷ மாதா கோயில் தேரின்போது வெண்ணிலா அவளோடு எடுத்துக்கொண்ட செல்ஃபிகள் இருந்தன. வெண்ணிலா எல்லாவற்றுக்கும் ஃபில்டர் போட்டிருந்தாள். முகம் பளிங்கு மாதிரி. ஒன்றில் முயல் காது வேறு.

அவளுடைய முகத்தை உள்ளபடி வைத்திருக்கிற ஒன்றும் அந்த வீட்டில் இல்லை. இருந்த ஒரே இடம் காசம்மாளின் தலைக்குள். இப்போது அங்கேயும் அது இடம் மாறி மாறி உட்கார்ந்தது.

"நீ சொல்றதுதான் சரிக்கா" என்றாள் ஸ்டெல்லா அவசரமாக. "பீச்சாங்கை பக்கம்தான். எனக்குத்தான் கொழப்பம்."

"பொய் சொல்லாத."

ஸ்டெல்லா மறுபடி சுவர்ப் படத்தைப் பார்த்தாள்.

"சாமி முன்னாடி தப்பாச் சொல்லிட்டா, மச்சம் மாறிகீது, இவ வேற பொண்ணுன்னு அனுப்பிட மாட்டாரா?" காசம்மாள் எல்லோரையும் பார்த்துக் கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். கரண்ட் கம்பத்தில் பயமில்லாமல் ஏறுகிற பிரிட்டோ தரையைப் பார்த்தார். சேவியர் வாசலுக்கு எழுந்து போனான். இந்த இடத்துக்கு அவனிடம் ஜோக் இல்லை.

கடைசியில் காசம்மாளே கையைக் கூப்பினாள்.

"எந்தப் பக்கமோ ஒரு பக்கம் மச்சம் இருக்கும் ஆண்டவரே. எனக்கு மறந்துபோச்சு. ஒரு வருசம்கூட ஆவல, அதுக்குள்ள மறந்துட்டேன். நான் மறந்ததுக்கு அவள ஒண்ணும் சொல்லாதீங்க. சிரிச்சா மேல் ஈறு தெரியும். கை வச்சு மறைச்சுக்குவா. ஒரு தடவ கைய எடுத்துட்டுச் சிரிக்கச் சொல்லிப் பாருங்க. ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

பதில் வர நேரமாயிற்று. வந்தபோது ஒன்றாக வரவில்லை. முன்னும் பின்னுமாக, ஆளுக்கொரு பக்கமிருந்து வந்தது.

பிரிட்டோ இறுதிப் பாட்டைத் தொடங்கினார். சுருதி தப்பியது, யாரும் திருத்தவில்லை. பாட்டு முடிவதற்குள் காசம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பின்னாலேயே ஸ்டெல்லா போனாள். சுண்டலைக் கிண்ணங்களில் போட்டுக்கொண்டிருந்த காசம்மாள், திரும்பாமலே கேட்டாள்.

"உதட்ட மூடித்தான வச்ச?"

"ஆமாக்கா."

"தொறக்க வருமா?"

பிணத்தின் வாய் திறந்துகொள்ளாமல் இருக்க மோவாயைத் துணியால் இறுக்கிக் கட்டி, இறுகியபின் அவிழ்த்து, அதன்மேல் சாயம் பூசியதெல்லாம் ஸ்டெல்லாவின் கைக்குத் தெரியும். வரும் என்று சொல்லலாம். பொய் சொல்லாதே என்று இப்போதுதான் சொல்லியிருக்கிறாள்.

"தெரிலக்கா" என்றாள்.

காசம்மாள் தலையை ஆட்டினாள். பிறகு கிண்ணத்தட்டை அவள் கையில் கொடுத்து, "கொண்டுபோய்க் குடு, ஆறிடப் போவுது" என்றாள். ஸ்டெல்லா தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஒவ்வொருவரிடமும் குனிந்து நீட்டினாள். எடுத்த ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தாள், எந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று.